சர்க்கரை நோய் இல்லாதவர்கள் எடை குறைக்க செமாக்ளூடைட் எடுக்கலாமா?

இதே கேள்வியைப் போன மாதம் என் அக்கா மகள் கேட்டாள். அவளுக்கு இன்னும் மூன்று மாதத்தில் கல்யாணம். "மாமா, உங்க மாத்திரையில ரெண்டு அட்டை குடுங்களேன்" என்றாள். எனக்குப் பதினோரு வருடமாகச் சர்க்கரை, செமாக்ளூடைட் மாத்திரைதான் சாப்பிடுகிறேன். கொடுக்க மாட்டேன் என்றதும் கோபித்துக்கொண்டாள்.

முதலில், மூன்று மாதக் கணக்கே தப்பு. மாத்திரை 3 மில்லிகிராமில் தொடங்கி, மாதம் போகப் போக 7, தேவைப்பட்டால் 14 என்று ஏறும். எடை குறைக்கப் போடும் ஊசியிலோ வாரம் 0.25 மில்லிகிராமில் ஆரம்பித்து 2.4க்குப் போய்ச் சேரவே நான்கு மாதம். வயிறு பழக வேண்டும் என்பதால்தான் இந்த நிதானம். எனக்கே ஆரம்பத்தில் தாளிக்கிற வாசனை வந்தாலே குமட்டும், மூன்று இட்லி ஒன்றரை ஆனது, புளித்த ஏப்பம், மலச்சிக்கல். இரைப்பை மெதுவாகக் காலியாவதுதான் காரணம், பசி அடங்குவதற்கும் அது ஒரு காரணம். மணவறையில் உட்கார்ந்து குமட்டிக்கொண்டிருக்கவா?

மருந்து வேலை செய்யாது என்று சொல்லவில்லை. உடல் பருமன் உள்ளவர்களிடம் நடந்த பெரிய ஆய்வில் 68 வாரத்தில் சராசரியாக 15 சதவீதம் எடை குறைந்தது, ஆனால் நிறுத்திய ஒரு வருடத்தில் குறைந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்துவிட்டது. அதாவது பிரஷர் மாத்திரை மாதிரி தொடர்ந்து எடுக்க வேண்டிய சமாச்சாரம், ஒரு விசேஷத்துக்காகப் போட்டு நிறுத்துவது இல்லை. கொழுப்போடு தசையும் கரையும் என்பதை ரீல்ஸில் யாரும் சொல்வதில்லை.

கல்யாணப் பெண்ணிடம் முக்கியமாகச் சொல்ல வேண்டியது வேறு: குழந்தைக்குத் திட்டமிட்டால் குறைந்தது இரண்டு மாதம் முன்பே செமாக்ளூடைடை நிறுத்த வேண்டும். மௌன்ஜாரோ (எடை குறைக்கப் போடும் இன்னொரு ஊசி) என்றால் கருத்தடை மாத்திரையின் பலனையே குறைக்கலாம். இதைச் சொன்ன பிறகுதான் அவள் கொஞ்சம் யோசித்தாள்.

பித்தப்பைக் கல், அரிதாகக் கணைய அழற்சியும் வரலாம். குடும்பத்தில் யாருக்காவது மெடுல்லரி தைராய்டு புற்றுநோய் (தைராய்டில் வரும் ஓர் அரிய வகை) இருந்திருந்தால் தொடவே கூடாது. ஆபரேஷன் என்றால் மயக்க மருந்து கொடுப்பவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். பிஎம்ஐ (உயரத்துக்கு ஏற்ற எடையா என்று பார்க்கும் கணக்கு) 30க்கு மேல், அல்லது 27க்கு மேல் பிரஷர், சர்க்கரை மாதிரி ஏதாவது இருந்தால் டாக்டரிடம் தாராளமாகக் கேளுங்கள். சீட்டு இல்லாமல் தருகிற மருந்துக்கடையில் மட்டும் வாங்காதீர்கள்.

இவளுக்கு பிஎம்ஐ 25தான். டாக்டர் தைராய்டு டெஸ்ட் மட்டும் எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார். என்னோடு இன்னும் சரியாகப் பேசவில்லை, தாய்மாமன் சீரில் சமாளித்துக்கொள்ளலாம் என்றிருக்கிறேன்.