குங் ஃபூ பாண்டா: எந்த வரிசையில் பார்ப்பது?

"குங் ஃபூ பாண்டாவில் நான்கு படங்கள், சில குறும்படங்கள், மூன்று தொடர்கள் இருக்கின்றன. எட்டு வயது மகனோடு முதன்முறையாகப் பார்க்கப்போகிறேன். வெளியான வரிசையில் பார்ப்பதா, கதை நடக்கும் கால வரிசையில் பார்ப்பதா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

வெளியான வரிசையிலேயே பாருங்கள். 2008, 2011, 2016, 2024 என்று வந்த நான்கு படங்கள்தான் மூலவர். மற்றவை பரிவார தெய்வங்கள். மூலவரைத் தரிசித்துவிட்டுப் பிராகாரம் சுற்றலாம், அல்லது நடுவில் ஓரிரு சந்நிதிகளில் நின்று போகலாம். பிராகாரத்தில் தொடங்கக் கூடாது என்பதை மட்டும் உறுதியாகச் சொல்வேன். ஏனென்றால் நான் ஒரு முறை அப்படித்தான் தொடங்கினேன்.

2021 ஊரடங்கின்போது தங்கையின் மூத்த மகன் எங்கள் கொளத்தூர் வீட்டில் இருந்தான். அவனுக்கும் அப்போது எட்டு வயது. கதையில் எது முன்னால் நடந்ததோ அதையே முதலில் காட்டிவிட்டால் குழந்தைக்குக் குழப்பம் இருக்காது என்று நினைத்தேன். அதனால் மாஸ்டர்களின் இளமைக்காலத்தைச் சொல்லும் குறும்படத்தைப் போட்டேன். ஒரு காண்டாமிருகம், ஒரு எருது, ஒரு முதலை ஆகிய மூவரும் ஊக்வே என்ற ஆமையைச் சந்திக்கும் கதை அது. பையன் பத்து நிமிடம் பார்த்தான். "இவர்களெல்லாம் யார் பெரியம்மா? பாண்டா எங்கே?" என்று கேட்டான். கொஞ்ச நேரத்தில் எழுந்து பால்கனிக்குப் போய்விட்டான். அவன்மீது குற்றமில்லை. ஒருவர்மேல் அன்பு வந்த பிறகுதான் அவருடைய பழங்கதையைக் கேட்கத் தோன்றும். தாத்தாவோடு பழகிய பேரனுக்குத்தான் தாத்தாவின் சிறுவயதுக் கதை இனிக்கும்.

ஆனால் வரிசை முக்கியம் என்று நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு அதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது. அது மிஸ்டர் பிங்.

போ என்ற பாண்டா, அமைதிப் பள்ளத்தாக்கில் நூடுல்ஸ் கடை நடத்தும் ஒரு வாத்தின் மகன். முதல் படம் இதை எந்த விளக்கமும் இல்லாமல் நம் முன் வைத்துவிடுகிறது. வாத்து அப்பா, பாண்டா பிள்ளை. ஊரில் யாரும் கேட்பதில்லை, பிள்ளையும் கேட்பதில்லை. படத்தின் பிற்பகுதியில், தாய் லங் என்ற பனிச்சிறுத்தை வருகிறது என்று ஊரே மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பும்போது, தோற்றுப்போன முகத்தோடு நிற்கும் மகனிடம் பிங் தயங்கித் தயங்கி, உன்னிடம் எப்போதோ சொல்லியிருக்க வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது என்று ஆரம்பிப்பார். பார்ப்பவர்கள் எல்லோரும் அந்த ஒரு கேள்விக்கான விடை வரப்போகிறது என்று மூச்சைப் பிடித்துக்கொள்வார்கள். அவர் சொல்வதோ தன் கடை சூப்பின் ரகசியம். என்ன ரகசியம் என்று இங்கே எழுதமாட்டேன். அந்த இடத்தில் சிரிப்பும் வரும், போவுக்கு வேண்டிய விடையும் அதிலேயே இருக்கும். வாத்துக்கு எப்படிப் பாண்டா பிறந்தது என்ற கேள்வி மட்டும் அப்படியே தங்கிவிடும்.

படத்தை எடுத்தவர்கள் அந்தக் கேள்வியை மூன்று ஆண்டுகள் நம்மிடம் விட்டுவைத்தார்கள். 2011இல் வந்த இரண்டாம் படம்தான் அதை எடுத்துப் பேசுகிறது. உங்கள் மகனுக்கு மூன்று ஆண்டுகள் வேண்டாம், ஒரு நாளாவது இருக்கட்டும். ஒரே மூச்சில் இரண்டையும் போடாதீர்கள். ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம்தான் என்பதால் ஆசை வரும். அடக்கிக்கொள்ளுங்கள்.

சென்ற மே மாதம் கத்திரி வெயிலில் தங்கையின் இளைய மகள் தாம்பரத்திலிருந்து வந்து எங்களோடு ஒரு வாரம் இருந்தாள். ஏழு வயது. மாலை ஐந்து மணிவரை வெளியே தலைகாட்ட முடியாது, மதியம் முழுவதும் திரையைப் போட்டுக்கொண்டு கூடத்தில் பாய் விரித்துக் கிடந்தோம். முதல் படம் முடிந்ததும் அவள் கேட்ட முதல் கேள்வியே, "வாத்துக்கு எப்படி பெரியம்மா பாண்டா பாப்பா பிறந்தது?" என்பதுதான். நாளைக்குத் தெரியும் என்று சொல்லிவிட்டேன். இரவு படுத்த பிறகும் அவளுக்கு அதே யோசனை. "அவனுடைய அம்மா பாண்டாவாக இருந்திருக்கும்" என்று இருட்டில் ஒரு முடிவுக்கு வந்தாள். மறுநாள் இரண்டாம் படத்தில் பிங் தன் கடைக்கு வந்த முள்ளங்கிப் பெட்டியின் கதையைச் சொன்னபோது அவள் என் கையைப் பிடித்துக்கொண்டதை நான் மறக்கமாட்டேன். தானே யோசித்து வைத்திருந்த கேள்விக்கு விடை வருவது வேறு, யாரோ முன்கூட்டியே சொல்லிவிட்டதைத் திரையில் பார்ப்பது வேறு. இந்த ஒரு நொடிக்காகத்தான் வரிசையைப் பற்றி இவ்வளவு பேசுகிறேன்.

இரண்டாம் படத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். என் கணக்கில் நான்கிலும் அதுவே உயர்ந்தது. இயக்கியவர் ஜெனிஃபர் யூ நெல்சன். முதல் படத்தின் தொடக்கத்தில் வரும் கனவுக் காட்சியை உருவாக்கியவரும் அவரே. இந்தப் படத்தின் தொடக்கம் நிழற்பாவைக் கூத்தின் சாயலில் இருக்கும். நம் ஊர்த் தோற்பாவைக் கூத்தைப் பார்த்தவர்களுக்கு அந்த வண்ணமும் கைகால் அசைவும் உடனே பிடித்துப்போகும். வில்லன் ஷென் ஒரு வெள்ளை மயில். ஊரை மகிழ்விக்க அவன் பெற்றோர் உருவாக்கிய வாணவேடிக்கையின் மருந்தை எடுத்து அவன் பீரங்கி செய்கிறான். தீபாவளிக்கு மத்தாப்பு கொளுத்தும் குழந்தைக்கு இந்த வித்தியாசத்தை விளக்கவே வேண்டாம்.

ஒரு காட்சியை மட்டும் கவனித்துப் பார்க்கச் சொல்லுங்கள். படத்தின் ஆரம்பத்தில் போவின் குருவான ஷிஃபு குகைக்குள் நின்று, மேலிருந்து விழும் ஒரு நீர்த்துளியைக் கையில் வாங்குவார். அந்தத் துளி உடையாது. கை வழியே உருண்டு, உடலின் அசைவோடு சேர்ந்து ஓடி, முழுசாகவே இறங்கிப் போகும். அதே அசைவு படத்தின் பிற்பகுதியில் மழை பெய்யும்போது மறுபடி வருகிறது. அப்போது துளியை ஏந்துகிறவர் வேறு. முதல் துளியைச் சரியாகப் பார்த்தவர்களுக்கு இரண்டாம் துளியில் தொண்டை அடைக்கும்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. ஓநாய்கள் பாண்டா கிராமத்தைத் தாக்குவதும், ஒரு தாய் குழந்தையை மறைத்துவைத்துவிட்டு ஓடுவதும் இந்தப் படத்தில் இருக்கின்றன. உங்கள் மகனுக்கு எட்டு வயது, பார்த்துவிடுவான். பக்கத்தில் உட்கார்ந்திருங்கள். ஆறு வயதுக்குக் கீழே தம்பி தங்கை யாராவது இருந்தால் இதை மட்டும் இன்னும் இரண்டு வருடம் தள்ளிப்போடலாம்.

முதல் படத்துக்கும் இரண்டாம் படத்துக்கும் நடுவே ஒரு நாள் இடைவெளி விடுவீர்கள் அல்லவா, அந்த நாளில் பார்க்க 'சீக்ரெட்ஸ் ஆஃப் தி ஃபியூரியஸ் ஃபைவ்' என்ற 2008 குறும்படம் பொருத்தமானது. அரை மணி நேரம்கூட ஆகாது. குங் ஃபூ படிக்க வந்த முயல் குட்டிகளுக்குப் போ பாடம் எடுக்கிறான். புலி, குரங்கு, நாரை, பாம்பு, பெருமாள் பூச்சி ஆகிய குங் ஃபூ வீரர்கள் ஐவரும் எப்படி இந்த நிலைக்கு வந்தார்கள் என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறான். (இந்த ஐந்தின் பெயரிலும் சீனத்தில் உண்மையாகவே குங் ஃபூ முறைகள் இருக்கின்றன.) கதைகள் எல்லாம் முதல் படத்துக்கு முன்னால் நடந்தவைதான், ஆனாலும் முதல் படத்துக்கு முன்னால் இதைக் காட்டக் கூடாது. பாடம் எடுக்கும் போ அதற்குள் வீரனாகியிருக்கிறான், பிறகு முதல் படத்தில் என்ன மிச்சம்?

இதில் புலியின் கதையைத் தவற விடாதீர்கள். அநாதை இல்லத்தில் வளரும் புலிக்குட்டி. கை வைத்ததெல்லாம் உடைந்துபோவதால் எல்லோரும் அவளைக் கண்டு பயப்படுகிறார்கள். ஷிஃபு வந்து டாமினோ கட்டைகளை வைத்து அவளுடைய பலத்தை அடக்கக் கற்றுக்கொடுக்கிறார். அவள் கற்றுக்கொள்கிறாள், ஆனாலும் குழந்தை எடுக்க வருகிறவர்கள் அவளைத் தாண்டித்தான் போகிறார்கள். கடைசியில் அவளை அழைத்துப்போவது யார் என்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள். மறுநாள் முள்ளங்கிப் பெட்டிக் கதையைக் கேட்கும்போது இந்தப் புலிக்குட்டி நினைவுக்கு வருவாள். அதே இடைவெளியில் 2010இல் வந்த 'குங் ஃபூ பாண்டா ஹாலிடே'யையும் சேர்க்கலாம். பண்டிகை நாளில் மாளிகை விருந்தா, அப்பாவின் கடையா என்று போ தவிக்கும் கதை. பண்டிகைக்கு ஊருக்குப் போக முடியாமல் வேலையில் மாட்டிக்கொண்ட யாருக்கும் அது புரியும்.

என் தங்கை மகனை விரட்டியடித்த அந்த மாஸ்டர்களின் குறும்படம் இரண்டாம் படத்துக்குப் பிறகு வர வேண்டியது. காண்டாமிருகம், எருது, முதலை மூவரையும் இரண்டாம் படத்தில் பார்த்த பிறகு அதே குறும்படம் நன்றாக இருக்கிறது. பையனுக்கே ஒரு வருடம் கழித்து மறுபடி காட்டினேன், முழுவதும் உட்கார்ந்து பார்த்தான்.

மூன்றாம் படத்தில் இன்னொரு பாண்டா பிங்கின் கடைக்குள் வந்து நிற்கிறது. அதற்குமேல் கதையைச் சொல்ல வேண்டியதில்லை. பிள்ளை தன்னை விட்டுப் போய்விடுவானோ என்ற பயத்தில் அந்தச் சின்ன வாத்து மூட்டைக்குள் ஒளிந்துகொண்டு மலைமேல் வரை வந்துவிடும். பிள்ளையை வளர்த்தவர்கள் யாரும் அந்த இடத்தில் சிரித்துவிட்டுக் கடந்துபோக முடியாது. இன்னொருவர் அவன் வாழ்வில் வந்ததால் தனக்கு எதுவும் குறையவில்லை, அவனுக்குத்தான் கூடியிருக்கிறது என்று பிங் புரிந்துகொள்ளும் இடம்தான் எனக்கு இந்தப் படம். கய் என்ற வில்லனும் சண்டைகளும் அதற்கு அடுத்தபடிதான்.

பிங்குக்குக் குரல் கொடுத்த ஜேம்ஸ் ஹாங் 1929இல் பிறந்தவர். நான்கு படங்களிலும் அவர்தான். மகனுக்காகத் தமிழ்க் குரலில் பார்த்தாலும், நீங்கள் தனியாக ஒரு முறை ஆங்கிலத்தில் அவர் குரலைக் கேளுங்கள். அதட்டலும் பாசமும் ஒரே மூச்சில் வரும்.

நான்காம் படம் மற்ற மூன்றின் உயரத்துக்கு வரவில்லை. ஐவரும் கிட்டத்தட்ட இல்லவே இல்லை, சென் என்ற நரியோடு போ ஒரு பெருநகரத்துக்குப் போகிறான். ஆனால் இரண்டு அப்பாக்களும் சேர்ந்து பிள்ளையைத் தேடிக் கிளம்பும் பகுதி உண்மையாகவே நன்றாக வந்திருக்கிறது. மூன்றாம் படத்தைப் பார்க்காமல் இதைப் பார்த்தால் அந்த இருவரின் நட்புக்கு அர்த்தமே இருக்காது.

தொடர்கள் எல்லாவற்றையும் கடைசிக்கு வையுங்கள். 'லெஜண்ட்ஸ் ஆஃப் ஆசம்னெஸ்' எண்பது அத்தியாயங்கள், கதைப்படி முதல் இரண்டு படங்களுக்கு நடுவில் வருவது. அந்த இடத்தில் செருகினால் இரண்டாம் படத்துக்குப் போய்ச் சேர மாதக்கணக்காகும், அதற்குள் அந்தக் கேள்வி ஆறிப்போயிருக்கும். போவின் குரலும் படங்களில் பேசிய ஜாக் பிளாக் உடையது அல்ல. படங்கள் முடிந்த பிறகு சனி, ஞாயிறுகளில் எந்த அத்தியாயத்தை வேண்டுமானாலும் போடலாம், வரிசையே தேவையில்லை. 'பாஸ் ஆஃப் டெஸ்டினி' மூன்றாம் படத்தின் பாண்டா கிராமத்துக் குழந்தைகளைப் பற்றியது, ஆகவே அதற்குப் பிறகு. 2022இல் தொடங்கிய 'தி டிராகன் நைட்' தொடரில் ஜாக் பிளாக் திரும்பி வருகிறார், ஒரே நீண்ட பயணக் கதை, முதல் அத்தியாயத்திலிருந்துதான் பார்க்க வேண்டும். நான்காம் படம் இதைக் கண்டுகொள்வதே இல்லை என்பதால் முன்னாலோ பின்னாலோ உங்கள் விருப்பம்.

முதல் படத்தைப் போடுவதற்கு முன் மகனுக்கு வயிறாரச் சாப்பாடு கொடுத்துவிடுங்கள். படம் முழுவதும் நூடுல்ஸ் கிண்ணம் வந்துகொண்டே இருக்கும். ஷிஃபு போவுக்குப் பயிற்சி கொடுப்பதே ஒரு கிண்ணம் டம்ப்ளிங்கை வைத்துத்தான். எங்கள் வீட்டுப் பெண் அதைக் கொழுக்கட்டை என்றே சொன்னாள். போ வாயருகே கொண்டுபோகும் ஒவ்வொன்றையும் ஷிஃபு தட்டிப் பறிக்கிறார், குச்சியும் கிண்ணமும் பறக்கின்றன, மலையுச்சியில் அந்த ஒரே ஒரு கடைசிக் கொழுக்கட்டைக்காக இருவரும் உருண்டு புரள்கிறார்கள். ஜெயித்துக் கையில் பிடித்த பிறகு போ அதைக் குருவிடமே எறிந்துவிட்டுப் பசிக்கவில்லை என்கிறான். எங்கள் வீட்டுப் பெண்ணுக்குப் பசித்துவிட்டது. அன்று மாலை பூரணம் செய்ய வெல்லம் வாங்கிவர நான் கடைக்குப் போனேன்.