ஆர்வி வண்டியின் (உள்ளேயே தங்கிப் பயணம் போகும் வண்டி) கழிவுநீர்த் தொட்டி ஒழுகுகிறது, எபாக்ஸி பசை பூசியும் நிற்கவில்லை. நாமே சரிசெய்ய முடியுமா?

முடியும். ஆனால் இன்னொரு முறை எபாக்ஸி பூசாதீர்கள். தொட்டி எந்தப் பிளாஸ்டிக் என்பதை முதலில் பாருங்கள். பூசியது நிற்காததற்குப் பெரும்பாலும் அதுதான் காரணமாக இருக்கும்.

நாங்கள் மிச்சிகனில் இருக்கிறோம், பழைய டிராவல் டிரெய்லர் ஒன்று வைத்திருக்கிறோம். இரண்டு வருடத்துக்கு முன் ஏப்ரலில் வண்டியை வெளியே எடுத்தபோது கிரே டேங்க் சொட்டியது. குளிக்கும் தண்ணீரும் பாத்திரம் கழுவும் தண்ணீரும் சேருகிற தொட்டி அது. குளிர்காலத்துக்கு முன் முழுசாக வடிக்காமல் விட்டிருக்கிறேன். மிச்சத் தண்ணீர் உறைந்து விரிந்ததில், வெளியேறும் குழாய் சேரும் இடத்தில் மயிரிழை போல ஒரு விரிசல், நாலு அங்குலம் இருக்கும். நானும் எபாக்ஸிதான் பூசினேன். மூன்றாம் நாள் அது பக்கு உரிவது போல முழுசாகக் கையோடு வந்துவிட்டது.

இந்தத் தொட்டிகள் பெரும்பாலும் ஏபிஎஸ் அல்லது பாலிஎத்திலீன். சில தொட்டிகளின் மேலேயே அச்சிட்டிருப்பார்கள். இல்லாவிட்டால் விளிம்பில் சிறு சீவல் ஒன்றைச் சீவியெடுத்து, ஒரு சொட்டு சோப்பு கலந்த தண்ணீரில் அமுக்கி விடுங்கள். மேலே வந்து மிதந்தால் பாலிஎத்திலீன், மூழ்கினால் பெரும்பாலும் ஏபிஎஸ். மூழ்கிய சீவலில் அசிட்டோன் தொட்டு வையுங்கள். இளகிப் பிசுபிசுத்தால் ஏபிஎஸ்தான்.

ஏபிஎஸ் என்றால் வேலை சுலபம். ஏபிஎஸ் குழாய்க்கான சிமென்ட் பிளாஸ்டிக்கையே கரைத்து ஒன்றாக்கிவிடும். விரிசலைச் சுரண்டிச் சுத்தம்செய்து, மேலே ஒரு ஏபிஎஸ் துண்டை வைத்து அந்த சிமென்ட்டாலேயே ஒட்டுங்கள்.

பாலிஎத்திலீனில் சாதாரணப் பசை எதுவும் பிடிக்காது. எங்களுடையது அதுதான். அதை உருக்கித்தான் ஒட்ட வேண்டும். பிளாஸ்டிக் கயாக் படகுகளையும் இப்படித்தான் ஒட்டுகிறார்கள். விரிசலின் இரு முனையிலும் 3 மில்லிமீட்டர் துளை போடுங்கள், அப்போதுதான் அது மேலும் ஓடாது. பிறகு விரிசல் நெடுக வாய் அகன்ற பள்ளமாகச் சுரண்டி, பாலிஎத்திலீன் வெல்டிங் குச்சியைச் சூடான இரும்பால் உருக்கி நிரப்ப வேண்டும். குச்சி மட்டும் உருகினால் போதாது, தொட்டியின் பரப்பும் பளபளவென்று இளக வேண்டும். நிறம் மாறிப் புகை வந்தால் சூடு அதிகம். வேண்டாத ஒரு பாலிஎத்திலீன் துண்டில் ஒரு மணி நேரம் பழகிவிட்டுத்தான் நான் தொட்டியில் கை வைத்தேன். அந்த ஒரு மணி நேரம் அவசியம்.

ஒழுகுவது தொட்டிதானா என்பதையும் பாருங்கள். பல வண்டிகளில் அடிப்பக்கத்தைப் பிளாஸ்டிக் பலகையால் மூடியிருப்பார்கள். ஓரிடத்தில் கசியும் தண்ணீர் அதன் மேலேயே ஓடி வேறிடத்தில் சொட்டும். பலகையை இறக்கிவிட்டு, உணவு நிறமி கலந்த தண்ணீரை நிரப்பிப் பாருங்கள். வால்வின் ரப்பர், குழாய் நுழையும் இடத்து ரப்பர் வளையம், அளவு காட்டும் சென்சார் திருகுகள் ஆகிய மூன்றிலும் கசிவு வரும். அங்கேயென்றால் வெல்டிங்கே வேண்டாம், ரப்பரை மாற்றினால் சரியாகிவிடும்.

வண்டிக்கு அடியில் போகும் முன் சக்கரங்களுக்குக் கட்டை கொடுங்கள், ஜாக்கை மட்டும் நம்ப வேண்டாம். கழிப்பறைத் தொட்டியென்றால் டம்ப் ஸ்டேஷனில் (இந்த வண்டிகளின் கழிவைக் கொட்டும் இடம்) காலி செய்து, இரண்டு மூன்று முறை நல்ல தண்ணீர் விட்டு அலசிய பிறகே தொடுங்கள். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். பிளீச் ஊற்றாதீர்கள், சிறுநீரோடு சேர்ந்தால் நச்சு வாயு வரும். அசிட்டோன் திறந்திருக்கும் இடத்தில் சூடு வைக்கக் கூடாது.

விரிசல் தாங்கு சட்டத்தின் ஓரம் இருந்தால் சட்டத்தையும் பலப்படுத்துங்கள். 40 காலன் தண்ணீர் ஏறக்குறைய 150 கிலோ. ஒவ்வொரு குழியிலும் அந்த எடை குலுங்கும்போது வெல்டிங் மட்டும் தாங்காது.

எல்லாம் முடிந்ததும் தொட்டியை நிரப்பி ஒரு நாள் விட்டுப் பாருங்கள். அப்புறம் பாதித் தண்ணீரோடு பக்கத்துத் தெருக்களில் ஒரு சுற்று ஓட்டிவிட்டு மறுபடியும் பாருங்கள். எங்கள் தொட்டி இரண்டு கோடைகளாகச் சொட்டவில்லை. சீவல் மிதந்ததா, மூழ்கியதா என்று சொல்லுங்கள், மேற்கொண்டு பார்க்கலாம்.