சமையலறை மேசை தச்சு மேசை ஆகுமா?

கேள்வி: தாம்பரத்தில் முதல் மாடியில் வாடகைக்கு இருக்கிறேன். சனி, ஞாயிறுகளில் பால்கனியில் சின்னச் சின்ன மரவேலை செய்வேன். உளி, இழைப்புளி, ரம்பம்தான், மெஷின் அதிகமில்லை. நின்று வேலை செய்ய மேசை செய்துதரக் கேட்டால் ஆசாரி 30,000 ரூபாய் சொல்கிறார். ஆன்லைனில் ரப்பர் மரச் சமையலறை மேசை ஒன்று 11,000 ரூபாய்க்குக் கிடைக்கிறது. 4 அடிக்கு 2 அடி, உயரம் 36 அங்குலம், கீழே ஒரு தட்டு. அதை வைத்துச் சமாளிக்கலாமா சார்?

பதில்: சமாளிக்கலாம். ஆனால் வந்தது வந்தபடி வைத்து இழைக்க ஆரம்பித்தால் ஒரே மாதத்தில் என்னைத் திட்டுவீர்கள்.

சமையலறை மேசை தாங்க வேண்டியதெல்லாம் மேலிருந்து கீழே அழுத்தும் பாரம்: மாவு பிசைவது, காய் நறுக்குவது, நாலு பாத்திரம். இழைப்புளி அப்படியல்ல, பக்கவாட்டில் தள்ளும். ஒவ்வொரு தள்ளுக்கும் மேசை ஒரு நூல் ஆடினால் போதும், உங்கள் பலத்தில் பாதி அந்த ஆட்டத்திலேயே போய்விடும். நம்மூர் ஆசாரிகளுக்கு இந்தத் தலைவலியே கிடையாது. தரையில் உட்கார்ந்து, பலகையைக் காலால் அழுத்திப் பிடித்து இழைத்துவிடுவார்கள். தரை எங்கே ஆடப்போகிறது? நின்று வேலை செய்ய ஆசைப்படுகிற நமக்குத்தான் இந்தப் பாடு.

ஆகவே பலகையின் பளபளப்பைப் பார்த்து மயங்காதீர்கள். அதேபோன்ற மேசை கடையில் இருந்தால், குறுகிய பக்கத்தில் இடுப்பை வைத்து ஒரு தள்ளு தள்ளிப் பாருங்கள். ஆடத்தான் செய்யும். பிரித்து அனுப்பி வீட்டில் பூட்டுகிற மேசைகளில் காலையும் சட்டத்தையும் போல்ட்டுதான் பிடித்திருக்கிறது. மரத்தின் முனையைக் கழுந்தாகச் செதுக்கி, துளையில் இறக்கிப் பசை போட்ட மூட்டு கிடையாது. அந்த போல்ட் வேலை செய்யச் செய்யத் தளரும். பூட்டும்போதே மூட்டுகளில் ஃபெவிகால் தடவி முறுக்கிவிடுங்கள். பிறகு பிரிக்க முடியாது, வீடு மாறும்போது முழுசாகத்தான் தூக்க வேண்டும். அதற்கு மனம் ஒப்பவில்லை என்றால் மாதம் ஒருமுறை போல்ட்டை இறுக்குங்கள்.

ஆட்டத்துக்கு உண்மையான மருந்து முதுகுப்பலகை. 12 மி.மீ. பிளைவுட்டை மேசையின் பின்பக்கம், கால்களோடு சேர்த்து, நான்கு அங்குலத்துக்கு ஒரு ஸ்குரூ வீதம் அடித்துவிட்டால் நீளவாக்கு ஆட்டம் அடங்கிவிடும். இரண்டு குறுகிய பக்கங்களுக்கும் அரை உயரத்துக்காவது அடியுங்கள்.

அடுத்தது எடை. 20 லிட்டர் பெயிண்ட் வாளி நிறைய மணல் கொட்டினால் 30 கிலோவுக்குக் குறையாது. கீழ்த்தட்டுக்கு அடியில் ஒரு பிளைவுட் துண்டைத் தாங்கலாகக் கொடுத்து, இரண்டு வாளிகளை ஏற்றுங்கள். பால்கனிக்கு அது ஒரு ஆள் நிற்கிற பாரம்தான்.

இனி மேல்பலகை. வாங்குமுன் விவரத்தில் என்ன போட்டிருக்கிறது என்று பாருங்கள். 'இன்ஜினியர்டு வுட்' என்றிருந்தால் பெரும்பாலும் பார்ட்டிகிள் போர்டு அல்லது எம்.டி.எஃப்., அதாவது மரத்தூளையோ மரநாரையோ பசையோடு அழுத்திச் செய்த பலகை. அது வேண்டவே வேண்டாம். என் முதல் தச்சு மேசை, பழைய சாமான் கடையில் வாங்கிய அப்படிப்பட்ட சமையலறை அலமாரிதான். மரத்தை இறுக்கிப் பிடிக்கும் வைஸை அதில் ஸ்குரூ போட்டு மாட்டினேன். மூன்றாவது வாரம் ஒரு தேக்குத் துண்டை இறுக்கும்போது வைஸ், ஸ்குரூ, கைப்பிடியளவு மரத்தூள் எல்லாம் சேர்ந்து என் கால்மாட்டில் விழுந்தன.

ரப்பர் மரம் நல்ல தேர்வு. பால் வற்றிய மரங்களை 25, 30 வருடத்தில் வெட்டி, பூச்சி அரிக்காமலிருக்க மருந்தேற்றி, துண்டுகளை ஒட்டிப் பலகையாக்குகிறார்கள். உளி அடிக்குத் தாங்கும். தண்ணீர் மட்டும் அதற்கு ஆகாது. பால்கனியில் சாரல் அடிக்குமென்றால் தார்ப்பாய் அவசியம்.

தடிமன் 18 மி.மீ.தான் என்றால் உளியை அடிக்கும்போது பலகை துள்ளும். அடியில் இன்னொரு 18 மி.மீ. பிளைவுட் கொடுங்கள். பசை போடாதீர்கள். மரப்பலகை மழைக்காலத்தில் அகலத்தில் விரியும், பிளைவுட் அவ்வளவு விரியாது; இரண்டையும் ஒட்டினால் பலகை வளைந்துவிடும். பிளைவுட்டில் ஓட்டையைக் கொஞ்சம் பெரிதாகப் போட்டு, வாஷர் வைத்து ஸ்குரூ முறுக்கினால் மரம் தன் இஷ்டத்துக்கு நகர இடமிருக்கும்.

36 அங்குலம் இழைப்பதற்கு அதிகம். நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிடுங்கள். மணிக்கட்டு ரேகை வரும் உயரம்தான் கணக்கு. ஐந்தரை அடி ஆளுக்கு 32 அங்குலம் ஒட்டி வரும். உடனே காலை அறுத்துவிடாதீர்கள், ஒரு மாதம் வேலை செய்து பாருங்கள். தோள் வலித்தால் அறுக்கலாம். சமதரையில் நிறுத்தி, குறைக்க வேண்டிய உயரத்துக்கு ஒரு மரத்துண்டை எடுத்து, அதன்மேல் பென்சிலைப் படுக்கவைத்து நான்கு காலையும் சுற்றிக் கோடு போடுங்கள். டேப்பால் அளந்து அறுத்த மேசைகள் பாதி நொண்டும்.

வைஸுக்கு 7 அங்குலத் தச்சு வைஸ் போதும். வலக்கைக்காரர் என்றால் முன்பக்க இடது காலுக்கு ஒட்டி மாட்டுங்கள். ஸ்குரூ வேண்டாம், பலகையை ஊடுருவும் போல்ட், அடியில் வாஷர். டிராயர் உள்ள மேசையைத் தவிர்த்துவிடுங்கள். மரத்தை மேசையோடு இறுக்க கிளாம்ப் மாட்டப் போகிற இடத்திலெல்லாம் அது குறுக்கே நிற்கும். பலகை, சட்டத்துக்கு வெளியே இரண்டு அங்குலமாவது நீட்டிக்கொண்டிருப்பது நல்லது. இழைக்கும் பலகை ஓடாமலிருக்க மேசையின் இடது முனையில் 10 மி.மீ. உயரத்தில் ஒரு ரீப்பரை (மெல்லிய மரச்சட்டம்) முறுக்கிவையுங்கள். வைஸ் வாங்கும்வரை அதுவே பாதி வேலையைப் பார்க்கும்.

பளபளப்பான பாலிஷ் மேலே இருந்தால் உப்புத்தாள் போட்டு எடுத்துவிடுங்கள்; இல்லாவிட்டால் வேலை செய்கிற மரம் வழுக்கும். வேண்டுமானால் ஆளிவிதை எண்ணெய் மெல்லப் பூசலாம். பூசிய துணியைச் சுருட்டிக் குப்பைக்கூடையில் போடாதீர்கள், தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். கொடியில் விரித்துக் காயவிட்டு எறியுங்கள்.

நான்கு கால்களுக்கடியிலும் பழைய டயர் துண்டு வையுங்கள். மேசை நகராது. கொட்டாப்புளிச் சத்தத்துக்குக் கீழ்வீட்டுக்காரர் மேலே ஏறி வருவதும் குறையும்.