அடைகாத்தது உங்கள் கோழி, முட்டை காட்டுடையது

கேள்வி: காரைக்குடி பக்கம் ஒரு கிராமம். சொந்தக்காரர் மலையடிவாரத்தில் ஒரே கூட்டிலிருந்து எடுத்துவந்த ஐந்து காட்டுக்கோழி முட்டைகளை எங்கள் நாட்டுக்கோழியில் அடைவைத்தேன். ஒரு சேவலும் ஒரு பெட்டையும் தங்கின. இப்போது எட்டு மாதம். கலப்பில்லாமல் இனம் பெருக்க ஆசை. பக்கத்து வீட்டுக்காரர் வனத்துறையில் சொல்லிவிடுவேன் என்கிறார். வீட்டில் பொரித்த குஞ்சுக்குமா சட்டம்?

பதில்: ஆமாம். 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் வேட்டை என்றால் துப்பாக்கியும் கண்ணியும் மட்டுமில்லை. முட்டையையோ கூட்டையோ கலைத்தாலும் வேட்டைதான். பிரிவு 39-இன்படி, சட்டத்தை மீறிப் பிடித்ததும் சரி, அடைத்து வளர்த்ததும் சரி, அரசின் சொத்து. கைக்கு வந்த 48 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்திலோ வனத்துறையிலோ சொல்லி ஒப்படைத்திருக்க வேண்டும். பிரிவு 57 இன்னும் கடுமை. பறவை உங்களிடம் இருந்தது நிரூபணமானால், முறையாக வந்தது என்று காட்டும் பொறுப்பு உங்கள் தலையில். சிறைத்தண்டனை 3 ஆண்டு வரை, அதிகப் பாதுகாப்புக்காகச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்த உயிரினமானால் 7 ஆண்டு வரை போகலாம்.

உங்கள் ஆசை எனக்குப் புரிகிறது. எங்கள் வீட்டுப் பின்கட்டிலும் கோழிகள் வளர்ந்தன. ஆனால் உங்களிடம் இருப்பது அண்ணன் தங்கை. அந்த ஜோடியை வைத்து இனம் பெருக்கினால் அடுத்தடுத்த தலைமுறை நலிந்துபோகும். வேலி தாண்டினால் நாட்டுக்கோழியோடு கலந்துவிடும். நம் கோழிகளின் மஞ்சள் காலே அப்படிக் கலந்ததில் சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து வந்தது என்று 2008-இல் மரபணு ஆய்வு சொன்னது. அப்புறம் ரத்தக்கழிச்சல், வெள்ளைக்கழிச்சல் என்று கோழி நோய்கள் வேறு. ஆள் நிழல் பட்டாலே மிரண்டு வலையில் மோதி மண்டையை உடைத்துக்கொள்ளும் பறவை இது.

ராத்திரியோடு ராத்திரியாகக் காட்டில் விட்டுவிடாதீர்கள். வீட்டுக்கோழியின் நோய் காட்டுக்குப் போகும், உங்கள் நேர்மைக்கும் சாட்சி இருக்காது. விற்கவோ, யாருக்கும் கொடுக்கவோ வேண்டாம். வனச்சரக அலுவலருக்கு இரண்டு பிரதிகளில் கடிதம் எழுதுங்கள்: முட்டை எப்போது வந்தது, எத்தனை பொரித்தது, எத்தனை மிச்சம். அது ஒப்புதல் வாக்குமூலம் மாதிரி ஆகிவிடும் என்பதால், கொடுப்பதற்கு முன் ஊரில் ஒரு வழக்கறிஞரிடம் காட்டுங்கள். கடிதத்தோடு பறவைகளையும் ஒப்படைத்ததும் ஒரு பிரதியில் முத்திரையோடு கையெழுத்து வாங்குங்கள். தாமதமாகச் சொன்னதால் குற்றம் அழியாது. ஆனாலும் தானாக வந்தவரையும் சோதனையில் சிக்கியவரையும் நீதிமன்றம் ஒரே கண்ணால் பார்ப்பதில்லை. பக்கத்து வீட்டுக்காரர் முந்திக்கொண்டால் இந்த வாய்ப்பு போய்விடும், இந்த வாரமே போங்கள்.

கரையானோ கம்போ, எதைக் கொடுத்துப் பழக்கினீர்களோ அதையும் கடிதத்தில் எழுதுங்கள். அங்கே பார்த்துக்கொள்பவருக்கு உதவும்.