கம்பெனி என்ற சொல்லுக்கு ஏன் இத்தனை பொருள்கள்?

வணிக நிறுவனம், படைப்பிரிவு, நாடகக் குழு, நண்பரின் துணை ஆகிய நான்கையும் ஆங்கிலம் 'கம்பெனி' என்றே அழைப்பது ஏன் என்று கேட்கிறார்கள். சேர்ந்து இருப்பவர்கள் என்பதே அதன் அடிப்படைப் பொருள்.

லத்தீனில் 'கும்' என்றால் 'உடன்'. 'பானிஸ்' என்றால் 'ரொட்டி'. இவ்விரண்டும் இணைந்து 'ரொட்டியைப் பகிர்ந்து உண்பவர்' என்ற பொருளில் பிற்கால லத்தீனில் ஒரு சொல் உருவாகி, பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. நம் கல்யாணப் பந்தியில் அடுத்தடுத்து இலை போட்டு அமர்ந்தவர்களை நினைத்துக்கொண்டால் இது எளிதில் விளங்கும். சேர்ந்து உண்பவர்கள் சேர்ந்து பயணிப்பார்கள், சேர்ந்து போரிடுவார்கள், சேர்ந்து முதல் போடுவார்கள். உணவில் தொடங்கிய உறவு இப்படித்தான் மற்றவற்றுக்கும் பரவியது.

வணிகப் பொருள் பின்னர் வந்து சேர்ந்தது. 1600 டிசம்பர் 31 அன்று முதலாம் எலிசபெத் அரசி உரிமைப் பட்டயம் வழங்கிய கிழக்கிந்தியக் கம்பெனியின் முழுப் பெயரிலும் அச்சொல் 'லண்டன் வணிகர்களின் குழு' என்றே பொருள்பட்டது. கட்டடத்தையோ அலுவலகத்தையோ அது குறிக்கவில்லை. தமிழகத்தில் மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனி போன்ற நாடகக் குழுக்களும் இச்சொல்லைப் பழைய பொருளுக்கு மிக நெருக்கமாகவே தாங்கியிருந்தன என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. அங்கே நடிகர்கள் உண்மையாகவே ஒன்றாக வாழ்ந்து ஒன்றாக உண்டார்கள்.

பழைய தமிழ் எழுத்துகளில் வரும் 'கும்பினி' என்ற சொல்லைக் 'கும்பல்' என்பதிலிருந்து பிறந்ததாகச் சிலர் கருதுகிறார்கள். அது கம்பெனி என்ற ஐரோப்பியச் சொல்லின் தமிழ் உருவமே.