ஒன்பது ரன் பின்னால் இருக்கும்போது எறிய வருகிறவர்

அன்புள்ள ஆசிரியருக்கு,

மகன் டல்லாஸ் பக்கம் ஃப்ரிஸ்கோவில் இருக்கிறான். போன கோடையில் அங்கே ஒரு மைனர் லீக், அதாவது கீழ்மட்ட, பேஸ்பால் ஆட்டத்துக்குக் கூட்டிப்போனான். மைதானத்துக்குள்ளேயே ஒரு நீரோடை கட்டி வைத்திருக்கிறார்கள், அதில் மிதந்தபடியே ஆட்டம் பார்க்கிறார்கள். உள்ளூர் டீம் ஒன்பது ரன் பின்தங்கியிருந்தபோது முப்பது வயதைத் தாண்டிய ஒரு பிட்சர், பந்து எறிகிறவர், வந்தார். பத்து வருஷமாக இப்படியே ஊர் ஊராகச் சுற்றுகிறாராம், மேஜர் லீக்கில் ஒரு பந்துகூட எறிந்ததில்லையாம். இது வைராக்கியமா, பைத்தியமா? மொத்தம் ஒன்பது இன்னிங்ஸில் ஏழாவதிலேயே கிளம்பிவிட்டோம், ஆனால் அவர் மனதை விட்டுப் போகவில்லை.

எஸ்., கோவை

அன்புள்ள எஸ்.,

ரெண்டும் இல்லை. அது ஒரு வேலை.

உச்சத்தில் இருக்கும் மேஜர் லீக்கில் 30 டீம். ஒவ்வொன்றுக்கும் கீழே, அடியிலிருந்து மேலாக, ஏ, ஹை ஏ, டபுள் ஏ, டிரிபிள் ஏ என்று நாலு படி, ஆக 120 மைனர் லீக் டீம்கள் (2020 வரை 160 இருந்தன). நீங்கள் பார்த்த ஃப்ரிஸ்கோ, டெக்ஸஸ் ரேஞ்சர்ஸின் டபுள் ஏ. ஒரு டீமில் மேலே போவார்கள் என்று நிர்வாகம் உண்மையாக நம்புவது நாலைந்து பையன்களைத்தான். ஆனால் அந்த நாலைந்து பேர் ஆடிப் பழக வேண்டுமென்றால் ஆட்டம் நடக்க வேண்டும், ஆட்டம் நடக்க மற்ற இருபது பேர் வேண்டும். அந்த இருபதில் ஒருவர்தான் உங்கள் ஆள். ஒன்பது ரன் பின்னால் இருக்கும் ஆட்டத்தில் கோடிக்கணக்கில் கொடுத்து எடுத்த இளம் பிட்சரின் தோளைத் தேய்க்க மாட்டார்கள், இவரை அனுப்புவார்கள், இவர் ரெண்டு மூன்று இன்னிங்ஸ் எறிந்து பொழுதை ஓட்டிக் கொடுப்பார். இப்படிப்பட்டவரை அங்கே ‘ஆர்க் கை’ (org guy) என்பார்கள், நிர்வாகத்தின் ஆள் என்கிற மாதிரி. தமிழில் எழுதும்போது அது கையாகிவிடுவதும் பொருத்தம்தான், வாடகைக்கு எடுப்பது அதைத்தானே. இடது கையால் எறிபவர் என்றால் இன்னும் ரெண்டு மூன்று வருஷம் கூடுதலாக ஓடும்.

இதை வேலையே இல்லை என்று சொல்லித்தான் முதலாளிகள் வெகுகாலம் ஓட்டினார்கள். பருவகாலப் பயிற்சிதான், தொழில் அல்ல என்பது அவர்கள் வாதம். பத்து வருஷம் முன்னால் கீழ்ப்படியில் மாதம் 1,100 டாலர், அதுவும் ஆட்டம் நடக்கும் ஐந்து மாதத்துக்கு மட்டும். வசந்தகாலப் பயிற்சி முகாமுக்குச் சம்பளமே கிடையாது. ஒரு வீட்டில் ஐந்தாறு பேர் காற்று மெத்தை போட்டுப் படுப்பார்கள். நல்ல சம்பளம் தரும் வேறு டீமுக்குப் போகலாமே என்றால் ஏழு சீசன் முடியும்வரை ஒப்பந்தம் விடாது.

இந்த இடத்தில் காரெட் ப்ரோஷுயிஸ் என்பவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். 2004இல் சான் ஃபிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸ் எடுத்த பிட்சர். ஆறு சீசன் மைனர் லீக்கில் எறிந்தார், மேலே கூப்பிடவே இல்லை. சரி என்று சட்டம் படிக்கப் போய்விட்டார். 2014இல் வக்கீலாகத் திரும்பி வந்து, குறைந்தபட்சக் கூலிகூடத் தரவில்லை என்று மேஜர் லீக் மீதே வழக்குப் போட்டார்! அந்தப் பக்கம் சும்மா இருக்கவில்லை. 2018இல் இரண்டாயிரம் பக்கத்துக்கு மேல் போகும் ஒரு செலவு மசோதாவுக்குள் ‘அமெரிக்காவின் பொழுதுபோக்கைக் காப்பாற்றும் சட்டம்’ என்று ஒன்றைச் செருகி, இந்தப் பையன்களைக் கூலிச் சட்டத்திலிருந்தே பெரும்பாலும் விலக்கிவிட்டார்கள். பெயர் வைப்பதில் அங்கேயும் நம் ஆட்கள் மாதிரிதான். இருந்தும் வழக்கு 2022இல் 18.5 கோடி டாலருக்குச் சமரசமாயிற்று. அதே வருஷம் மைனர் லீக் ஆட்டக்காரர்களுக்குச் சங்கமும் வந்தது. 2023இல் டபுள் ஏ குறைந்தபட்ச சம்பளம் வருஷத்துக்கு 13,800 டாலரிலிருந்து 30,250 ஆனது. மேஜர் லீக்கில் அதே வருஷம் அடிமட்ட சம்பளமே 7,20,000.

வைராக்கியமா என்று கேட்டீர்கள். அந்த வார்த்தையிடம் எனக்குக் கொஞ்சம் பயம் உண்டு. ஆசை இருக்கிறவனுக்குச் சம்பளம் எதற்கு என்று ஆரம்பிப்பவர்கள் முதலில் பிடித்துக்கொள்வது அதைத்தான். உங்கள் பிட்சருக்கு ஆசை இல்லை என்று சொல்லவில்லை, இல்லாமல் பத்து வருஷம் பஸ்ஸில் உட்கார முடியாது. ஆனால் அன்று அவர் கூலிக்குத்தான் எறிந்தார், அதில் இரக்கப்பட ஒன்றும் இல்லை.

அப்புறம், அடுத்த தடவை ஃப்ரிஸ்கோ போனால் ஏழாவது இன்னிங்ஸில் எழுந்து போகாதீர்கள். இந்த மாதிரி ஆட்கள் எறிய வருகிற நேரமே பெரும்பாலும் அதுதான்.