பக்கத்துத் தோட்டத்து ஆழ்துளைக் கிணறும் உங்கள் கிணறும்

வணக்கம். பக்கத்துத் தோட்டத்தில் தண்ணீர் நிறுவனம் ஆழ்துளைக் கிணறு போட்டபின் உங்கள் கிணறு வற்றிவிட்டது, ஊராட்சியில் கேட்டால் "அவர் நிலம், அவர் தண்ணீர்" என்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். படித்ததும் கோபம்தான் வந்தது. அந்தப் பதிலோடு திரும்பிவிடாதீர்கள். பாலக்காட்டுப் பிளாச்சிமடையில் 2003இல் கோகோ கோலா ஆலையின் உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்ததே பெருமாட்டி ஊராட்சிதான். 2004 மார்ச்சில் ஆலை நின்றது. மாசற்ற நீர் வாழ்வுரிமையில் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் 1991இலேயே சொல்லிவிட்டது.

முதலில், நிலத்தடி நீர் எடுக்க அவர்களுக்கு அனுமதி உண்டா, நாளொன்றுக்கு எவ்வளவு என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். அதுவரை உங்கள் கிணற்றில் வாரந்தோறும் கயிறு விட்டு நீர்மட்டத்தை அளந்து, தேதியுடன் குறித்து வையுங்கள். கிராம சபைக்குத் தனியாகப் போகாதீர்கள், கிணறு வற்றிய மற்றவர்களையும் அழைத்துச் செல்லுங்கள்.